கடைசி நெடுவரிசை மட்டும் ஏன் தனித் தாளில் வந்து விழுகிறது?

திரையில் எக்செல் அட்டவணை லட்சணமாக இருக்கிறது. பிரிண்ட் கொடுத்தால் ‘மொத்தம்’ என்ற கடைசி நெடுவரிசை மட்டும் தனித் தாளில் வருகிறது. 9 பக்கத்தில் முடிய வேண்டியது 18 பக்கமாகிறது. பின்பாதி 9 பக்கத்திலும் இடது ஓரமாக ஒரே ஒரு நெடுவரிசை, மீதி வெள்ளை. உடனே எல்லார் கையும் போகிற இடம், முழு ஷீட்டையும் ஒரே தாளுக்குள் சுருக்கி அடைக்கும் ‘ஃபிட் ஷீட் ஆன் ஒன் பேஜ்’.

அதை அழுத்துவதற்கு முன் ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். எக்செலில் காலிப்ரி 11 எழுத்துருவில் ஒரு வரிசையின் இயல்பு உயரம் 15 பாயின்ட். 72 பாயின்ட் ஓர் அங்குலம். 400 வரிசை என்றால் 6000 பாயின்ட், அதாவது ஏறத்தாழ 212 செ.மீ. நிமிர்ந்த ஏ4 தாளில் ‘நார்மல்’ ஓரங்கள் போக மிஞ்சும் உயரம் 25.9 செ.மீ. இரண்டு மீட்டருக்கும் அதிகமானதை ஒரு சாண் சொச்சத்துக்குள் அடைக்கச் சொன்னால் எக்செல் 12 சதவீதத்துக்குச் சுருக்கும். 11 பாயின்ட் எழுத்து 1.3 பாயின்டாகிவிடும். அதற்குப் பெயர் பிரிண்ட் இல்லை, எறும்பு ஊர்வலம்.

ஸ்கேலை, அதாவது அச்சு எத்தனை சதவீதத்துக்குச் சுருங்க வேண்டும் என்ற எண்ணை, தொட வேண்டியது கடைசியில்தான். தாள், அச்சாகும் பரப்பு, ஓரம், நெடுவரிசை அகலம் என்று இந்த வரிசையில் சரிபார்த்துக்கொண்டு வந்தால் பெரும்பாலும் ஸ்கேலுக்கு வேலையே இருக்காது. முதலிலேயே சுருக்கிவிட்டால் உண்மையான கோளாறு உள்ளே ஒளிந்துகொள்ளும். அடுத்த மாதம் பத்து வரிசை சேர்ந்ததும் மறுபடி தலைதூக்கும்.

தாளும் பிரிண்டரும்

முதலில் எந்தப் பிரிண்டரில் எடுக்கப் போகிறீர்களோ அதைத் தேர்ந்தெடுங்கள். அதன் பிறகு பக்க அமைப்பைத் தொடுங்கள். இது சம்பிரதாயத்துக்குச் சொல்வதில்லை. எக்செலில் நெடுவரிசையின் அகலம் செ.மீ.யில் சேமிக்கப்படுவதில்லை, இயல்பு எழுத்துருவில் ‘0’ என்ற இலக்கம் எத்தனை கொள்ளும் என்ற எண்ணிக்கையில் சேமிக்கப்படுகிறது. 8.43 என்று காட்டுகிறதே, அது அந்த எண்ணிக்கைதான். அந்த ‘0’ திரையில் ஓர் அகலத்தில் வரையப்படும், பிரிண்டரை இயக்கும் மென்பொருளான டிரைவரின் கணக்கில் வேறோர் அகலத்தில் வரும். ஒரு நெடுவரிசையில் இந்த வித்தியாசம் கண்ணுக்கே தெரியாது. பன்னிரண்டு நெடுவரிசையில் அது சேர்ந்து, கடைசி ஒன்றை வெளியே தள்ளிவிடும். ஒரு கணினியில் ஒழுங்காக வந்த அதே ஃபைல் இன்னொரு கணினியில் வழிவதற்கும் இதுவே காரணம். யாரும் ஃபைலைக் கெடுக்கவில்லை. பிரிண்டர் மாறியிருக்கிறது, அல்லது அந்த எழுத்துரு அங்கே இல்லாமல் வேறொன்று அதன் இடத்தில் உட்கார்ந்திருக்கிறது.

அடுத்து ‘பேஜ் லேஅவுட்’ தாவலில் ‘சைஸ்’ என்ன சொல்கிறது என்று பாருங்கள். ஏ4 தாள் 210 × 297 மி.மீ. லெட்டர் தாள் 216 × 279 மி.மீ. இணையத்தில் இறக்கிய டெம்ப்ளேட் பல, லெட்டர் அளவில் வடிவமைக்கப்பட்டவை. லெட்டர் 6 மி.மீ. அகலம் கூடுதல், ஏ4 18 மி.மீ. உயரம் கூடுதல். லெட்டரில் விளிம்பு தொட்டு உட்கார்ந்த அட்டவணை ஏ4-க்கு வந்ததும் ஒரு நெடுவரிசையை இழப்பது இந்த 6 மி.மீ.யால்தான். எக்செல் ஆப்ஷன்ஸில் ‘அட்வான்ஸ்டு’ பகுதியில் இவ்விரண்டு தாளுக்கும் தக்கபடி உள்ளடக்கத்தைச் சரிசெய்துகொள்ளும் ஒரு டிக் இருக்கிறது. அது அச்சிடும் நேரத்துக்கு மட்டும் ஒத்துப்போகச் செய்யுமே தவிர ஃபைலில் இருக்கும் அளவை மாற்றாது. அதை நம்பியிருப்பதைவிடச் சைஸை ஏ4 என்று மாற்றிச் சேமிப்பதே மேல்.

இன்னொன்று: பக்க அமைப்பு ஒவ்வொரு ஷீட்டுக்கும் தனித்தனி. முதல் ஷீட்டில் ஏ4 வைத்துவிட்டு மற்ற பதினொன்றும் தானாக மாறும் என்று எதிர்பார்க்கக் கூடாது. கன்ட்ரோல் விசையை அழுத்திக்கொண்டு ஷீட் தாவல்களை ஒவ்வொன்றாகச் சொடுக்கிக் குழுவாக்கி, அப்புறம் பேஜ் செட்டப் மாற்றினால் எல்லாவற்றுக்கும் போகும். வேலை முடிந்ததும் குழுவைக் கட்டாயம் கலையுங்கள். இல்லாவிட்டால் ஒரு செல்லில் தட்டியது பன்னிரண்டு ஷீட்டிலும் அதே செல்லில் பதிந்து, பழைய எண்களைச் சத்தமில்லாமல் தின்றுவிடும்.

வெறுந்தாள் வருவது எதனால்

கன்ட்ரோல் + எண்ட் அழுத்துங்கள். எக்செல் தன் கணக்கில் கடைசி என்று நினைக்கும் செல்லுக்குப் போய் நிற்கும். தரவு 400-வது வரிசையில் முடிய, சுட்டி 2,000-க்கு அருகில் போய் நின்றால் அங்கே ஏதோ ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஒரு ஸ்பேஸ், முன்பு இழுத்துவிட்ட பார்டர், நிறம், விடையாக எதையும் காட்டாத ("") ஃபார்முலா, எங்கோ வழுக்கிப்போன ஒரு படம் என இவற்றில் எதுவாகவும் இருக்கலாம். கண்ணுக்குக் காலியாகத் தெரிவது எக்செலுக்குக் காலி இல்லை.

டெலீட் விசையை அழுத்தினால் உள்ளடக்கம் மட்டும்தான் போகும். பார்டரும் நிறமும் அங்கேயே இருக்கும். 401-வது வரிசையின் எண்ணைச் சொடுக்கி, கன்ட்ரோல் + ஷிஃப்ட் + கீழ் அம்புக்குறியால் அடிவரை தேர்ந்தெடுத்து, கன்ட்ரோலோடு கழித்தல் குறியை அழுத்தி வரிசைகளையே நீக்க வேண்டும். வலப்பக்கம் மிஞ்சிய நெடுவரிசைகளுக்கும் இதே வைத்தியம். பிறகு ஃபைலைச் சேமித்துவிட்டு மீண்டும் கன்ட்ரோல் + எண்ட். சேமிக்காமல் பார்த்தால் பழைய இடத்துக்கே போய் நின்று, ஒன்றும் நடக்கவில்லையே என்று குழப்பும்.

எல்லாம் சரியாக இருந்தும் அட்டவணையின் கடைசி வரிசைகள் அச்சில் வராமல் போனால், அது இதற்கு நேரெதிர் கோளாறு. இதுவரைதான் அச்சாக வேண்டும் என்று என்றைக்கோ ‘பிரிண்ட் ஏரியா’ குறித்து வைத்திருக்கிறார்கள்; அதற்குக் கீழே புதிதாகச் சேர்ந்த வரிசைகள் வெளியே நிற்கின்றன. குறித்த பரப்புக்கு நடுவில் வரிசையைச் செருகினால் பரப்பும் கூடவே விரியும். கடைசி வரிசைக்கு அடுத்துத் தட்டச்சு செய்தால் விரியாது. மாதாமாதம் வளரும் ஷீட்டுக்குப் பிரிண்ட் ஏரியா வைக்காமல் இருப்பதே நல்லது. ‘கிளியர் பிரிண்ட் ஏரியா’ கொடுத்துவிடுங்கள். இன்னொரு கோளாறும் உண்டு: கன்ட்ரோலைப் பிடித்துக்கொண்டு இரண்டு மூன்று பரப்பைச் சேர்த்துப் பிரிண்ட் ஏரியா குறித்தால் ஒவ்வொன்றும் தனிப் பக்கத்தில் வரும். ஒரே தாளில் அடுத்தடுத்து வர வேண்டுமென்றால், நடுவில் வேண்டாத நெடுவரிசைகளை மறைத்துவிட்டு முழுப் பரப்பையும் ஒன்றாகக் குறியுங்கள். மறைத்தவை அச்சில் வராது.

ஓரம், திசை, பிறகுதான் சுருக்கம்

‘நார்மல்’ ஓரம் இடமும் வலமும் 1.78 செ.மீ.; ஏ4-இல் அட்டவணைக்கு மிஞ்சுவது 17.44 செ.மீ. ‘நேரோ’ என்று மாற்றினால் இருபுறமும் 0.64 செ.மீ.தான், மிஞ்சுவது 19.72. ஒரு சொடுக்கில் 2.28 செ.மீ. லாபம். வழிந்துபோகும் ஒற்றை நெடுவரிசைக்குப் பல நேரம் இதுவே போதும், எழுத்து ஒரு துளியும் சிறுக்காது. கோப்பில் கட்டப் போகும் தாளென்றால் மட்டும் யோசிக்க வேண்டும். பஞ்ச் துளை இடது ஓரத்து எண்களின் மேலேயே விழும்.

அட்டவணையின் உண்மையான அகலம் தெரியாமல் இந்தக் கணக்கு நடக்காது. ‘வியூ’ தாவலில் ‘பேஜ் லேஅவுட்’ காட்சிக்குப் போனால் நெடுவரிசை அகலம் செ.மீ.யிலோ அங்குலத்திலோ காட்டப்படும். கூட்டிப் பாருங்கள். உதாரணத்துக்கு 34 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். நிமிர்ந்த ஏ4-இல் நார்மல் ஓரத்தோடு அடைத்தால் 17.44-ஐ 34-ஆல் வகுக்க 51 சதவீதம். 11 பாயின்ட் எழுத்து 5.6 ஆகும், வாசிக்க முடியாது. தாளைப் படுக்கவைத்து, அதாவது லேண்ட்ஸ்கேப் கொடுத்து, நேரோ ஓரம் வைத்தால் 28.42-ஐ 34-ஆல் வகுக்க 83 சதவீதம். எழுத்து 9 பாயின்ட். தாராளமாக வாசிக்கலாம். என் அளவுகோல்: சுருங்கிய எழுத்து 8 பாயின்டுக்குக் கீழே போகிறதென்றால் அது ஸ்கேலுக்கான வேலை இல்லை. முகவரி, குறிப்பு போன்ற அகன்ற நெடுவரிசைகளில் ‘ராப் டெக்ஸ்ட்’ கொடுத்து, உரையைச் செல்லுக்குள்ளேயே பல வரியாக மடியவிட்டுக் குறுக்க வேண்டும், அல்லது அந்த அச்சுக்குத் தேவையில்லாத நெடுவரிசைகளை மறைக்க வேண்டும்.

சுருக்கியே ஆக வேண்டுமென்றால் ‘ஃபிட் ஷீட் ஆன் ஒன் பேஜ்’ வேண்டாம். பேஜ் லேஅவுட் தாவலில் ‘விட்த்’ என்பதை 1 பேஜ் என்றும் ‘ஹைட்’ என்பதை ஆட்டோமேட்டிக் என்றும் வையுங்கள். பேஜ் செட்டப் பெட்டிக்குள் என்றால் ‘ஃபிட் டு’ எதிரே அகலத்துக்கு 1 போட்டு உயரத்துக்கான கட்டத்தை அழித்துக் காலியாக விடுங்கள். அகலம் ஒரு தாளுக்குள் அடங்கும், நீளம் எத்தனை பக்கமானாலும் போகும். இந்த முறை சுருக்க மட்டுமே செய்யும். சிறிய அட்டவணையைத் தாள் முழுக்கப் பெரிதாக்க வேண்டுமென்றால் ஸ்கேலில் 120, 130 என்று நீங்களே போட வேண்டும். அந்தப் பெட்டி மங்கிப்போய்த் தொட முடியாமல் இருக்கிறதா? விட்த், ஹைட் இரண்டையும் ஆட்டோமேட்டிக் ஆக்குங்கள், உயிர் வந்துவிடும்.

இங்கே பலரைத் திணறடிக்கும் ஒரு முட்டுக்கட்டை உண்டு. ‘ஃபிட் டு’ ஓடிக்கொண்டிருக்கும்போது நீங்கள் கையால் வைத்த பக்கப் பிரிவுகளை எக்செல் கண்டுகொள்ளாது. எத்தனை தடவை செருகினாலும் பிரியாது, எந்த எச்சரிக்கையும் வராது. குறிப்பிட்ட இடத்தில் பக்கம் பிரிய வேண்டுமென்றால், மேலே போட்ட கணக்கின்படி சதவீதத்தைக் கண்டுபிடித்து, ‘அட்ஜஸ்ட் டு’ பக்கம் மாறி, அந்த எண்ணைக் கொடுத்துவிட்டுப் பிரிவுகளை வையுங்கள்.

பிரிவைச் செருகும்போது எங்கே நிற்கிறீர்கள் என்பதும் முக்கியம். எக்செல், நிற்கும் செல்லின் மேலேயும் இடப்பக்கத்திலும் உடைக்கும். டி20-இல் நின்று ‘இன்சர்ட் பேஜ் பிரேக்’ கொடுத்தால் 20-வது வரிசைக்கு மேலே ஒரு பிரிவு, டி நெடுவரிசைக்கு இடப்பக்கம் ஒரு பிரிவு. இரண்டாவது நீங்கள் கேட்காதது. அட்டவணை செங்குத்தாக இரண்டாகப் பிளந்துபோகும். வரிசை எண்ணைச் சொடுக்கி முழு வரிசையையும் தேர்ந்தெடுத்துவிட்டுக் கொடுத்தால் கிடைமட்டப் பிரிவு மட்டும் விழும்.

எங்கெங்கே உடைகிறது என்று பார்க்க ‘பேஜ் பிரேக் பிரிவ்யூ’. விட்டுவிட்டு வரும் நீலக்கோடு எக்செல் தானாகப் போட்டது, முழுக்கோடு யாரோ கையால் போட்டது. யாரிடமிருந்தோ வந்த ஃபைலில் முழுக்கோடுகள் தாறுமாறாகக் கிடந்தால் ‘ரீசெட் ஆல் பேஜ் பிரேக்ஸ்’ கொடுத்துப் புதிதாகத் தொடங்குவதே வேகம். இந்தக் காட்சியில் கோட்டை வலப்பக்கம் இழுத்து நெடுவரிசையை உள்ளே சேர்த்தால் சுலபமாக வேலை முடிந்த மாதிரி இருக்கும். உண்மையில் எக்செல் பின்னால் ஸ்கேலைக் குறைத்திருக்கும். இழுத்த பிறகு ஸ்கேல் பெட்டியில் எத்தனை காட்டுகிறது என்று ஒரு பார்வை பாருங்கள்.

இரண்டாம் பக்கத்தில் தலைப்பு இல்லை

தலைப்பு வரிசை நகராமல் நிற்க ‘ஃப்ரீஸ் பேன்ஸ்’ போட்டிருக்கிறேனே, ஏன் அது ஒவ்வொரு பக்கத்திலும் வரவில்லை? எக்செலில் ஃப்ரீஸ் திரைக்கு மட்டுமானது. அச்சுக்கு ‘பிரிண்ட் டைட்டில்ஸ்’ என்று தனியாக இருக்கிறது. அதில் ‘ரோஸ் டு ரிப்பீட் அட் டாப்’ கட்டத்தில் $1:$1 என்று வரிசையைக் காட்ட வேண்டும். அந்தக் கட்டம் மங்கலாக இருந்தால் இரண்டு காரணங்களைப் பாருங்கள். பிரிண்ட் பக்கத்தின் அடியில் இருக்கும் ‘பேஜ் செட்டப்’ இணைப்பு வழியாக உள்ளே போயிருந்தால் அது வேலை செய்யாது. பேஜ் லேஅவுட் தாவல் வழியாகப் போங்கள். ஷீட்டுகள் குழுவாக இருந்தாலும் அப்படித்தான்; குழுவைக் கலைத்துவிட்டு ஒவ்வொன்றிலும் தனியாகக் கொடுக்க வேண்டும்.

ஹெடரில் ‘விற்பனை & சேவை’ என்று எழுதினால் & அச்சில் காணாமல் போகும். ஹெடரில் அந்தக் குறி பக்க எண், தேதி போன்றவற்றுக்கான கட்டளையின் தொடக்கம். && என்று இரண்டு தடவை அடித்தால் ஒன்று அச்சாகும். ஹெடர் அட்டவணையின் மேலேயே ஏறி உட்கார்ந்தால், மேல் ஓரத்தைவிட ஹெடருக்கான இடம் பெரிதாகிவிட்டது என்று பொருள். ‘டாப்’ அளவைக் கூட்டுங்கள்.

####, அறுந்த வரி, காணாமல் போன கோடு

திரையில் ஒழுங்காகத் தெரிந்த தொகை அச்சில் #### ஆவது முன்பே சொன்ன எழுத்து அகலக் கோளாறுதான். எண்ணும் தேதியும் செல்லுக்குள் முழுதாக அடங்காவிட்டால் எக்செல் பாதியைக் காட்டாது, #### குறியைத்தான் காட்டும். அது நல்லதுதான், 1,25,000 என்பது 25,000 என்று அச்சாவதைவிட #### எவ்வளவோ மேல். நெடுவரிசையைத் தலைப்புக் கோட்டில் இரட்டைச் சொடுக்கி ஆட்டோஃபிட் செய்தால் திரைக்கு நூல் பிடித்தாற்போல் உட்காரும். அச்சுக்கு அது போதாது. அதன் மேல் ஒரு எழுத்து அகலத்தைக் கூட்டிவிடுங்கள்: 10.3 காட்டினால் 11.3.

இதன் உடன்பிறப்பு, ராப் செய்த செல்லில் கடைசி வரி அறுபடுவது. திரையில் மூன்று வரியாக மடிந்தது அச்சில் நான்கு வரியாக மடிகிறது. வரிசை உயரமோ மூன்றுக்குத்தான் இருக்கிறது. அந்த வரிசைகளின் உயரத்தை ஒரு வரி அளவுக்கு, சுமார் 15 பாயின்ட், கையால் கூட்டுங்கள். பலவற்றை ஒன்றாக இணைத்த, அதாவது மெர்ஜ் செய்த, செல்களில் இன்னும் மோசம்: அவற்றுக்கு உயர ஆட்டோஃபிட் வேலையே செய்யாது. தலைப்பை நடுவில் காட்டுவதற்காக மட்டும் மெர்ஜ் செய்திருந்தால் அதைக் கலைத்துவிட்டு, ஃபார்மேட் செல்ஸில் அலைன்மென்ட் பகுதியில் ‘சென்டர் அக்ராஸ் செலக்ஷன்’ கொடுங்கள். பார்வைக்கு அதேதான், தொல்லை இல்லை.

கட்டக் கோடுகள் அச்சில் வராதது பிழையே இல்லை, இயல்பாகவே வராது. பேஜ் லேஅவுட்டில் ‘கிரிட்லைன்ஸ்’ கீழே ‘பிரிண்ட்’ டிக் போடுங்கள். டிக் இருந்தும் வரவில்லை என்றால் பேஜ் செட்டப்பில் ‘டிராஃப்ட் குவாலிட்டி’ டிக்கை எடுங்கள். நிறம் பூசிய செல்லில் கிரிட்லைன் தெரியாது, அங்கே பார்டர்தான் வழி. மிக மெல்லிய பார்டரைப் பாதி ஸ்கேலில் அடித்தால் சில கோடுகள் வரும், சில வராது. அதற்கு அடுத்த தடிமனைத் தேர்ந்தெடுங்கள்.

ஃபார்முலாப் பிழைகள் அச்சில் அசிங்கமாகத் தெரிந்தால் பேஜ் செட்டப்பின் ஷீட் தாவலில் ‘செல் எரர்ஸ் ஆஸ்’ என்பதை ‘பிளாங்க்’ ஆக்கலாம். கணக்கைச் சரிசெய்ய நேரமில்லாத அவசரத்துக்கு மட்டும்.

கால்க், கூகுள் ஷீட்ஸ்

லிப்ரேஆபிஸ் கால்க்கில் இந்த அமைப்பெல்லாம் ‘ஃபார்மேட்’ மெனுவின் ‘பேஜ் ஸ்டைல்’ உள்ளே இருக்கிறது. கேட்காமலே மேலே ஷீட்டின் பெயரும் கீழே பக்க எண்ணும் வருவது அதன் இயல்பு ஸ்டைல். ஹெடர், ஃபூட்டர் தாவல்களில் டிக்கை எடுத்தால் போதும். ஒரே ஸ்டைலைப் பல ஷீட் பகிர்ந்துகொள்வதால் ஒன்றில் லேண்ட்ஸ்கேப் கொடுத்தால் மற்றவையும் படுத்துக்கொள்ளும். எக்செல் பழக்கத்தில் வருகிறவர்கள் தடுமாறுவது இங்கேதான். தனி ஷீட்டுக்குத் தனி ஸ்டைல் உருவாக்கிக்கொள்ளுங்கள். அகலத்துக்குச் சுருக்க, அதே பெட்டியின் ஷீட் தாவலில் ‘ஷ்ரிங்க் பிரிண்ட் ரேஞ்ச் டு விட்த்/ஹைட்’ எடுத்து அகலம் 1, உயரம் காலி.

கூகுள் ஷீட்ஸில் ‘ஃபிட் டு விட்த்’ நேராகவே இருக்கிறது, தலைப்புக்கும் எக்செல் போல் தனி வேலை இல்லை: ஃப்ரீஸ் செய்த வரிசைகளை ஒவ்வொரு பக்கத்திலும் திரும்ப அச்சிடும் டிக் ‘ஹெடர்ஸ் & ஃபூட்டர்ஸ்’ பகுதியில் இருக்கிறது. கிரிட்லைன் இங்கே இயல்பாகவே அச்சாகும். வேண்டாமென்றால் ‘ஃபார்மேட்டிங்’ கீழே எடுத்துவிடலாம். ‘நெக்ஸ்ட்’ அழுத்தியதும் உலாவியின் பிரிண்ட் பெட்டி வரும். அங்கேயும் தாள் அளவும் ஸ்கேலும் இருக்கின்றன. ஷீட்ஸில் ஏ4 வைத்து, உலாவியில் லெட்டர் கிடந்தால் பழைய 6 மி.மீ. கதை மறுபடி தொடங்கும்.

பிடிஎஃப் ஆக்கி அச்சிடுகிறவர்களுக்கும் இதே இரட்டைச் சுருக்கம் காத்திருக்கிறது. எக்செல் 83 சதவீதத்துக்குச் சுருக்கிய பக்கத்தை, பிடிஎஃப் வாசிப்பான் ‘ஃபிட்’ என்ற பெயரில் இன்னும் கொஞ்சம் சுருக்கும். அங்கே ‘ஆக்சுவல் சைஸ்’ தேர்ந்தெடுங்கள். முழு ஒர்க்புக்கையும் பிடிஎஃப் பிரிண்டருக்கு அனுப்பியபோது ஒரே ஃபைலாக வராமல் துண்டு துண்டாக வந்தால், ஷீட்டுகளின் பேஜ் செட்டப்பில் ‘பிரிண்ட் குவாலிட்டி’ ஒன்றில் 600, இன்னொன்றில் 300 டிபிஐ என்று மாறிக் கிடக்கும். இருபக்க அச்சு நடுவில் முறிந்து புதுத் தாளில் தொடங்குவதற்கும் இதுவே காரணமாக இருக்கலாம். எல்லா ஷீட்டையும் குழுவாக்கி ஒரே எண்ணுக்குக் கொண்டுவந்துவிட்டு, மறக்காமல் குழுவைக் கலையுங்கள்.